ஆலப்புழையில் ஒரு நாள்: கால்வாய் நகரில் வணிகர் கவனிக்க வேண்டியவை



மளிகை மொத்த வியாபாரம் செய்யும் அன்பர்களுக்கு ஏ.ஜி.பி. என்ற மூன்று எழுத்துகள் புதியவை அல்ல. ஏலக்காய்ப் பட்டியலில் ஏ.ஜி.இ.பி., ஏ.ஜி.பி., ஏ.ஜி.எஸ். என்று தரம் குறித்து வரும். 7 மில்லிமீட்டர் காய் முதல் தரம், 6 மில்லிமீட்டர் அடுத்தது, 5 மில்லிமீட்டர் அதற்கும் அடுத்தது. இப்போது சந்தையில் 8 மில்லிமீட்டர் என்றே பேச்சு நடந்தாலும் அக்மார்க் தரத்தில் பழைய எழுத்துகள் அப்படியே இருக்கின்றன. இதில் 'ஏ' என்பது ஆலப்பி, 'ஜி' என்பது கிரீன். ஆலப்பி என்று வெள்ளைக்காரர் அழைத்த ஊர்தான் கேரளத்து ஆலப்புழை.

ஆலப்புழையில் ஒரு ஏலச்செடி கூட கிடையாது. அது கடலோரத்து மணல் ஊர். ஏலக்காய் விளைவது இடுக்கி மலையில். இன்று ஏலம் விடப்படுவது நம் போடிநாயக்கனூரிலும் மலைக்கு மேலே புத்தடியிலும். மஞ்சளும் அப்படித்தான். 'ஆலப்பி விரலி' என்ற மஞ்சள் தொடுபுழை, மூவாற்றுப்புழைப் பக்கத்து விளைச்சல். விளையாத ஊரின் பெயர் சரக்கின் மீது ஏன் நிற்கிறது? நாற்பது ஆண்டுகளாக அந்தப் பட்டியல்களில் கையெழுத்துப் போட்டு வருகிறவன் நான். சென்ற பருவத்தில் நம் வட்டாரத்து வணிகர்கள் சிலர் சேர்ந்து கேரளம் போன போது, மற்றவர்கள் படகு பார்க்கக் கிளம்பினார்கள், நான் இந்தக் கேள்வியோடு கிளம்பினேன்.

ஊர் உண்டான விதம்

திருவிதாங்கூர் அரசு ஆலப்புழைத் துறைமுகத்தைத் திறந்தது 1762ஆம் ஆண்டு. ஊரை ஊராக்கியவர் திவான் ராஜா கேசவதாஸ் அவர்கள். அவரைப் பற்றி நம்மவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவர் இளமையில் போக்கு மூசா மரைக்காயர் என்ற வணிகரிடம் கணக்கு எழுதியவர். கடைக் கணக்குப்பிள்ளையாக இருந்து ராஜ்யத்தின் திவானாக உயர்ந்தவர். கடையில் உட்கார்ந்தவருக்குத்தான் சரக்கு எங்கே தேங்கும், எங்கே ஓடும் என்று தெரியும். அவர் கால்வாய் வெட்டினார், பண்டகசாலை கட்டினார். கட்ச், சிந்து, பம்பாய்ப் பக்கத்து வணிகர்களை வரவழைத்து இடமும் வசதியும் கொடுத்து அமர்த்தினார். குஜராத்திகள் குடியிருந்த தெருவும் அவர்களுடைய ஜைனக் கோயிலும் இன்றும் அங்கே இருக்கின்றன.

ஊரின் நடுவே இரண்டு பெரிய கால்வாய்கள் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. வடக்கே உள்ளது வாடைக் கால்வாய். தெற்கே உள்ளதை வாணிபக் கால்வாய் என்கிறார்கள். கிழக்கே வேம்பநாட்டுக் காயலில் தொடங்கி மேற்கே கடலை நோக்கி வருகின்றன. மலையில் விளைந்த மிளகு, ஏலம், இஞ்சி, மஞ்சள் எல்லாம் பம்பை, மணிமலை, மீனச்சில் ஆறுகளின் வழியாக வள்ளங்களில் காயலுக்கு வரும். காயலிலிருந்து கால்வாய்க்குள் நுழைந்து பண்டகசாலை வாசலில் இறங்கும். அங்கிருந்து கடற்கரை, பிறகு சிறு படகு, பிறகு நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஒரு கயிறு கம்பெனியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். தமிழ் வணிகர் யாரைக் கண்டாலும் அங்கே 'அண்ணாச்சி'தான், எந்த ஊர், எந்தச் சமூகம் என்ற விசாரணை இல்லை. காலை ஆறரை மணிக்கு வாணிபக் கால்வாய்க் கரையில் நிறுத்தி, "அண்ணாச்சி, இந்தக் கால்வாய் கடலில் சேருகிறதா, பாருங்கள்" என்றார். நடந்து பார்த்தோம். கடற்கரைக்கு அருகே வந்து நின்றுவிடுகிறது. வள்ளத்தில் வந்த சரக்கு அப்படியே கடலுக்குப் போக முடியாது. இறக்க வேண்டும். இறக்கினால் எடை போட வேண்டும். எடை போட்டால் தரம் பார்க்க வேண்டும். அன்றைக்குக் கப்பல் இல்லையென்றால் கிட்டங்கியில் வைக்க வேண்டும். வைத்த சரக்குக்குக் கடன் கொடுக்க ஒருவர், தரகு பேச ஒருவர், சாக்குத் தைக்க ஒருவர், சுமக்கப் பலர், அவர்களுக்குச் சோறு போட ஒருவர். ஊர் என்பது இதுதான். சரக்கு நிற்கிற இடத்தில் ஊர் உண்டாகிறது. கால்வாய்ப் பகுதி ஒன்றுக்கு இன்றும் சுங்கம் என்றே பெயர்.

கடலில் கப்பல் நிற்பதற்கு இயற்கை செய்த உதவியும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குக் கரை முழுவதும் கொந்தளிக்கும். அப்போது ஆலப்புழைக் கரையோரம் சேறு திரண்டு மிதந்து அலையை அடக்கிவிடும். சாகரா என்று அதைச் சொல்கிறார்கள். மற்ற துறைகள் மூடிக் கிடக்கும் மாதங்களிலும் இங்கே சரக்கு ஏற்ற முடிந்தது அதனால்தான். 1862இல் கடலுக்குள் நீண்ட பாலம் ஒன்று கட்டினார்கள். கலங்கரை விளக்கமும் அதே ஆண்டுதான். விளக்கம் இன்றும் எரிகிறது. பாலத்தில் துருப்பிடித்த தூண்கள் மட்டும் கடலில் வரிசையாக நிற்கின்றன. எங்கள் குழுவில் அனைவரும் அதன் முன் நின்று புகைப்படம் எடுத்துக் கொண்டார்கள்.

ஏலக்காய் திருவிதாங்கூர் அரசின் ஏகபோகச் சரக்காக இருந்தது. மலையில் விளைந்த காய் முழுவதும் ஆலப்புழை அரசுக் கிடங்குக்கு வந்து, தரம் பிரித்து, அங்கேயே ஏலம் விடப்படும். லண்டனில் வாங்கியவருக்கு மலை தெரியாது. அவருக்குத் தெரிந்தது சாக்கின் மேல் இருந்த எழுத்தும், அந்த எழுத்துப் போட்டால் உள்ளே இன்ன காய்தான் இருக்கும் என்ற நம்பிக்கையும்தான். என் கேள்விக்குப் பதில் காலை எட்டு மணிக்குள்ளேயே கிடைத்துவிட்டது. சரக்குக்குப் பெயர் வைத்தவர் விளைத்தவர் அல்லர், தரம் பிரித்துப் பொறுப்பேற்றுக் கொண்டவர்.

வெனிஸ் என்று சொல்வது ஏன்

கர்சன் பிரபு இந்த ஊரைக் கிழக்கின் வெனிஸ் என்று புகழ்ந்ததாகச் சொல்வார்கள். கால்வாயும் பாலமும் இருந்தால் வெள்ளைக்காரருக்கு வெனிஸ் நினைவு வருவது இயற்கை. ஆனால் ஒற்றுமை தண்ணீரில் மட்டும் இல்லை. இத்தாலி நாட்டு வெனிஸ் நகரமும் மிளகு நின்று போன இடம்தான். நம் மேற்குக் கரை மிளகு அரபு வணிகர் கைமாறி, அலெக்சாந்திரியா வழியாக வெனிஸ் போய், அங்கிருந்து ஐரோப்பா முழுவதும் விலை போயிற்று. 1498இல் வாஸ்கோடகாமா ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கோழிக்கோடு வந்து சேர்ந்த பிறகு வழி மாறத் தொடங்கியது. ஒரு நாளில் மாறவில்லை, ஒரு நூற்றாண்டு இழுத்தது. ஆனால் மாறியது. நாம் அனைவரும் எழுதும் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்கி முதன்முதலில் அச்சான நூல், லூகா பச்சோலி என்பவர் எழுதியது, 1494இல் வெனிசில்தான் வெளியாயிற்று. வரவு செலவு எழுத உலகத்துக்குக் கற்றுக் கொடுத்த ஊர், தன் வரவு குறைவதை நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்க்கத் தொடங்கியது.

இன்று வெனிஸ் போகிறவர்கள் ஒரு நாள் சுற்றில் பக்கத்துத் தீவுகளையும் பார்க்கிறார்கள். முரானோ என்ற தீவில் கண்ணாடி. 1291இல் தீ விபத்துக்கு அஞ்சிக் கண்ணாடி உலைகளை எல்லாம் நகரத்திலிருந்து அந்தத் தீவுக்கு மாற்றினார்கள். புரானோ என்ற தீவில் கையால் பின்னும் சரிகைத் துணி. வெளிநாட்டில் செய்த மலிவுக் கண்ணாடியை முரானோ என்று சொல்லி விற்பது பெருகியதால், 1994இல் அந்த மாநில அரசு சட்டம் செய்து தனி வணிக முத்திரை கொடுத்தது. மிளகு போயிற்று, கண்ணாடி நிற்கிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. காலையில் வந்து மாலையில் போகிறவர் கூட்டம் தாங்க முடியாமல் 2024 ஏப்ரல் முதல், நெரிசலான சில நாட்களில் அப்படி வருவோரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்க ஆரம்பித்தார்கள். கூட்டம் வந்தால் வியாபாரம் வரும் என்று கடைத்தெருவில் பொதுவாக நினைக்கிறோம். வெனிஸ்காரர்கள் அப்படி நினைக்கவில்லை போலும்.

காயலும் தீவுகளும்

காலைப் பலகாரம் முடிந்து, மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் சுற்றுலாப் படகில் ஏறினோம். இந்தத் துறை 1968இல் தொடங்கப்பட்டது, தலைமையிடம் ஆலப்புழையே. நமக்கு டவுன் பஸ் எப்படியோ குட்டநாட்டுக்காரருக்கு இந்தத் துறையின் படகு அப்படி. பள்ளிப் பிள்ளைகள், காய்கறிக் கூடை, கோழி எல்லாம் அதில் போகும். சூரிய சக்தியில் ஓடும் 'ஆதித்யா' என்ற படகை 2017 முதல் வைக்கம் பக்கத்தில் ஓட்டுகிறார்கள். சுற்றுலாப் படகு காலை 11 மணிக்குக் கிளம்பி, மாலை 4 மணிக்குத் திரும்பும். சாப்பாடு படகிலேயே குடும்பஸ்ரீ மகளிர் கொடுக்கிறார்கள். மீன் குழம்பும் சிவப்பரிசிச் சோறும். சைவக்காரர்களுக்கு அவியல். குறை சொல்வதற்கில்லை.

புன்னமடைக் காயலைத் தாண்டினோம். 1952இல் நேரு அவர்கள் வந்து பார்த்துப் பரிசு கொடுத்த படகுப் போட்டி ஆகஸ்ட் மாதத்தில் நடக்கும் இடம் இது. காயல் முழுவதும் வீட்டுப் படகுகள். இவை ஆதியில் கெட்டுவள்ளம் என்ற சரக்குப் படகுகள். ஆணி அடிக்காமல் ஆஞ்சிலிப் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்வது. நெல்லும் மசாலாச் சரக்கும் டன் கணக்கில் ஏற்றிக் கொச்சிக்குப் போய்க் கொண்டிருந்தவை. லாரி வந்ததும் சும்மா கிடந்தன. 1990களின் தொடக்கத்தில் அவற்றின் மேல் மூங்கில் கூரை போட்டு, கட்டில் போட்டு, வெளிநாட்டாருக்கு வாடகைக்கு விட்டார்கள். சரக்குப் பத்தாயம் படுக்கையறை ஆயிற்று. இதைப் புத்திசாலித்தனம் என்று எங்கள் குழுவில் பலர் பாராட்டினார்கள். எனக்கு மனதில் வேறொன்று பட்டது. வள்ளத்தில் நெல் போன காலத்தில் அந்தப் பணம் ஊருக்குள் இருபது கைகள் மாறியது. படகில் தங்குகிறவர் அரிசி, மீன், கோழி என எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் பணம் கட்டிவிடுகிறார். கடைத்தெருவை அவர் பார்ப்பதே இல்லை. பாட்டில் தண்ணீர் கூடப் படகுக்காரரே மொத்தமாக வாங்கி வைத்துவிடுகிறார்.

பாதிராமணல் என்ற தீவில் எங்களை இறக்கினார்கள். முகம்மை என்ற ஊருக்கு எதிரே காயலில் இருக்கும் சின்னத் தீவு. ஆள் குடியில்லை. பறவைகள் வந்து தங்கும் இடம். நம் கோடியக்கரையில் 1967 முதல் சரணாலயம் இருப்பதால் எங்களுக்கு இது பெரிய அதிசயமாகப் படவில்லை. வேம்பநாட்டுக் காயலுக்கும் கோடியக்கரைக்கும் 2002ஆம் ஆண்டில் ஒன்றாகத்தான் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது. தீவில் கடை ஒன்றும் கிடையாது. பறவைக்கு அதுவே நல்லது.

பிறகு பார்த்ததுதான் நம் டெல்டாக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது. சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்று மூன்று காயல் நிலங்கள். இவை ஆண்டவன் கொடுத்த தீவுகள் அல்ல. 1940களில் முரிக்கன் என்ற விவசாயி காயலின் நடுவே களிமண் வரப்புக் கட்டி, உள்ளே இருந்த தண்ணீரை இறைத்து வெளியேற்றி உண்டாக்கிய வயல்கள். அரச குடும்பத்தார் பெயரையே அவற்றுக்கு வைத்தார். வயல் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. படகில் உட்கார்ந்தபடி பார்த்தால், வரப்புக்கு இந்தப் பக்கம் தண்ணீர் நம் இடுப்பளவில் நிற்கிறது, அந்தப் பக்கம் நெற்கதிர் நம் காலுக்குக் கீழே ஆடுகிறது. நம் ஊரில் வயலுக்குத் தண்ணீர் விட மோட்டார், அவர்களுக்கு வயலிலிருந்து தண்ணீர் எடுக்க மோட்டார். 'பெட்டியும் பறையும்' என்று ஒரு பழைய இறைப்பு அமைப்பு உண்டு. அதில் சுழலும் விசிறி, தாழ்வான வயலின் தண்ணீரைத் தூக்கி வரப்புக்கு வெளியே தள்ளும். கடல் மட்டத்துக்குக் கீழே பயிர் செய்யும் இந்த முறையை ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2013இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அங்கீகரித்திருக்கிறது.

உப்புத் தண்ணீர் வயலுக்குள் ஏறாமல் இருக்கத் தண்ணீர்முக்கம் என்ற இடத்தில் 1970களில் காயலுக்குக் குறுக்கே கதணை கட்டினார்கள். கோடைக்காலத்தில் கதவுகளை மூடுவார்கள். நமக்குப் படியளக்கும் உப்புத் தண்ணீரை அவர்கள் கதவு போட்டுத் தடுக்கிறார்கள். அதிலும் சண்டை உண்டு. உப்பு வராததால் ஆகாயத்தாமரை பெருகிவிட்டது, மீனும் சிப்பியும் குறைந்துவிட்டன என்று மீனவர்கள் சொல்கிறார்கள். கதவைத் திறந்தால் பயிர் போகும் என்று விவசாயிகள் சொல்கிறார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் குட்டநாடு முழுவதும் மூழ்கி, மக்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அதே ஆண்டு நவம்பர் 16 அன்று கஜா புயல் நம்மை அடித்தது. வழிகாட்டியிடம் சாய்ந்த தென்னைகளைப் பற்றிச் சொன்னேன். "தென்னை போனால் திரும்ப ஏழு வருஷம், அண்ணாச்சி" என்றார். தென்னை ஊர்க்காரருக்கு அது தெரிந்திருக்கிறது.

படகிலிருந்து பார்க்கும்போது, கரையோர வீடுகளுக்குச் சரக்கு போகும் விதத்தையும் கவனித்தேன். சாலை இல்லாத வீடுகள் பல. அரிசி மூட்டை, எரிவாயு உருளை எல்லாம் சிறு வள்ளத்தில் போகின்றன. கூட்டுறவு அமைப்பினர் ஒரு படகையே பலசரக்குக் கடையாக்கித் துறை துறையாகக் கொண்டு போய் விற்றதும் உண்டு. வாடிக்கையாளர் வர முடியாத இடத்துக்குக் கடை போக வேண்டும் என்பது நம் சைக்கிள் வியாபாரிகளுக்குத் தெரிந்த பழைய சூத்திரம்தான்.

கயிறு நின்றது, துறை நின்றுவிட்டது

இனி ஆலப்புழைத் துறைமுகம் விழுந்த கதை. 1920இல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலப் பொறியாளர் கொச்சிக்கு வந்தார். முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டி, கப்பல் உள்ளேயே வந்து நிற்கும்படி செய்தார். 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டியே வெல்லிங்டன் தீவு என்று ஒரு தீவை உண்டாக்கினார்கள். கொச்சியில் கப்பலுக்குள் நேரே சரக்கு ஏற்றலாம் என்றால், திறந்த கடலில் நிற்கும் கப்பலுக்குச் சிறு படகில் மூட்டை தள்ள யார் விரும்புவார்? காலப்போக்கில் ஆலப்புழைக்குக் கப்பல் வருவது நின்றே போயிற்று. ரயில் வந்ததோ 1989இல். துறைமுகம் உயிரோடு இருந்த காலத்தில் வராத ரயில் அது.

2021 ஜனவரியில் ஊருக்குப் புறவழிச்சாலையும் வந்துவிட்டது. 6.8 கிலோமீட்டர். அதில் ஒரு பகுதி கடற்கரையை ஒட்டி மேம்பாலமாகவே போகிறது. கொச்சியிலிருந்து கொல்லம் போகும் லாரி இப்போது ஆலப்புழைக் கடைத்தெருவை மேலிருந்தும் பார்ப்பதில்லை, கடலைப் பார்த்துக் கொண்டே போய்விடுகிறது. "நெரிசல் குறைந்தது நல்லதுதானே?" என்று கால்வாய்க் கரைப் பலசரக்குக் கடைக்காரர் ஒருவரிடம் கேட்டேன். "குறைந்தது. கல்லாவிலும்தான்" என்றார்.

துறைமுகம் போன பிறகும் ஊர் பிழைத்திருப்பதற்குக் கயிறு ஒரு பெரிய காரணம். 1859இல் ஜேம்ஸ் டாரா என்ற அயர்லாந்து வழி அமெரிக்கர் முதல் கயிற்றுத் தொழிற்சாலையை இங்கே தொடங்கினார். அதற்கு முன் கயிறும் நாரும் சரக்காகவே கப்பலேறின. அவர் தறி போட்டு, மிதியடியும் தரைவிரிப்புமாக நெய்து அனுப்பினார். ஒரு ராத்தல் நாரின் விலையும் ஒரு ராத்தல் மிதியடியின் விலையும் ஒன்றாகுமா? தொழிலாளர்களுக்கும் அங்கே பெரிய வரலாறு உண்டு. 1922இலேயே சங்கம் கண்டவர்கள். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். இன்று 'ஆலப்பி கயிறு', 'ஆலப்பி பச்சை ஏலக்காய்' இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. கலவூரில் கயிறு வாரியத்தின் காட்சியகம் இருக்கிறது. படகு இறங்கிய பிறகு நேரம் இருந்தால் அவசியம் பார்க்கவும்.

கால்வாய்களின் இன்றைய நிலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல இடங்களில் சாக்கடை நாற்றம், ஆகாயத்தாமரை மூட்டம். சமீப ஆண்டுகளில் மாநில அரசின் மரபுத் திட்டத்தின் கீழ் தூர்வாருகிறார்கள், பழைய கட்டடங்களைப் பழுது பார்த்துக் காட்சியகம் ஆக்குகிறார்கள். வாணிபக் கால்வாயில் வாணிபம் இல்லை.

நம் ஊர்க் கணக்கு

மாலையில் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்த போது வழிகாட்டி என்னைக் கேட்டார்: "அண்ணாச்சி, உங்கள் ஊரில் உப்பு உண்டல்லவா? எந்தப் பெயரில் வெளியே போகிறது?"

பதில் சொல்லச் சற்று நேரம் எடுத்தது. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்த உப்பு நம்முடையது. 1930 ஏப்ரலில் ராஜாஜி அவர்கள் திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்தது இந்த உப்புக்காக. சர்தார் வேதரத்தினம் பிள்ளை அவர்கள் தம் சொத்தை இழந்தது இந்த உப்புக்காக. பள்ளிக்கூடப் புத்தகத்தில் வேதாரண்யம் என்ற பெயர் உப்போடு சேர்ந்துதான் இருக்கிறது. இதைவிடப் பெரிய விளம்பரம் எந்த ஊர் உப்புக்கும் கிடையாது. ஆனால் நம் பாத்திகளிலிருந்து லாரி லாரியாகப் போகும் உப்பில் பெரும்பங்கு, அரைவைக்கும் பாக்கெட்டுக்கும் வெளியே போய், வாங்கியவர் பெயரில் விற்பனையாகிறது. நம் கடை அடுக்கிலேயே எத்தனை பாக்கெட்டில் நம் ஊர்ப் பெயர் இருக்கிறது என்று அன்பர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

நமக்கும் ஒரு கால்வாய் உண்டு. வேதாரண்யம் கால்வாய், நாகப்பட்டினம் வரை. ஆங்கிலேயர் காலத்தில் வெட்டியது. உப்புத் தோணிகள் அதில்தான் போயின. பிறகு ரயில் வந்தது, தோணி நின்றது. பிறகு லாரி வந்தது, ரயில் வண்டியில் உப்பு ஏற்றுவது நின்றது. பிறகு ரயிலே நின்று, பல ஆண்டுகள் கழித்து 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 37 கிலோமீட்டர் அகலப்பாதையாகத் திரும்பி வந்திருக்கிறது. கால்வாயைத் தூர்வாரிப் படகு விட்டால் ஊர் செழிக்கும் என்று நம்மில் சிலர் மேடைதோறும் பேசி வருகிறார்கள். வடிகாலாக அது நன்றாக இருக்க வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. மழைக்காலத்தில் நம் வயல்களின் உயிர் அதில் இருக்கிறது. ஆனால் சுற்றுலாப் படகு விட்டால் கடைத்தெருவுக்கு வியாபாரம் வந்துவிடும் என்பதை ஆலப்புழை பார்த்த பிறகு நான் ஏற்கவில்லை. படகு எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, நிற்கும் இடத்தில் என்ன விற்கிறோம் என்ற மூன்றுக்கும் பதில் இல்லாமல் படகு விடுவது படகுக்காரருக்கு மட்டுமே வருமானம். இன்று கோடியக்கரைக்கும் உப்புச் சத்தியாக்கிரக நினைவிடத்துக்கும் வரும் வேன்கள் நம் கடைத்தெருவில் எத்தனை நிமிடம் நிற்கின்றன? டீ குடிக்க நிற்கின்றன.

என் யோசனை சிறியது. உப்பு உற்பத்தியாளர்களும் மொத்த வணிகர்களும் உட்கார்ந்து முதலில் தரம் பேச வேண்டும். அயோடின் உப்புக்கு உணவுச் சட்டம் சொல்லும் அளவு தெரிந்ததுதான்: ஈரம் போக 96 சதவீதத்துக்குக் குறையாமல் சோடியம் குளோரைடு, ஈரப்பதம் 6 சதவீதத்துக்கு மேல் கூடாது, கடையில் விற்கும்போது பத்து லட்சத்துக்கு 15 பங்காவது அயோடின். அயோடின் இல்லாத உப்பை நேரே சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது. இந்தத் தரத்துக்குக் கல்லுப்பைக் கழுவி, அயோடின் கலந்து, சோதித்து, ஒரு கிலோ பையில் 'வேதாரண்யம்' என்று பெரிதாகப் போட்டு, யார் அதற்குப் பொறுப்பு என்பதையும் போட வேண்டும். தோல் பதனிடவும் கருவாட்டுக்கும் போகும் உப்பு வேறு தரம், வேறு சாக்கு. கலக்கக் கூடாது. கலந்தால் பெயர் போகும், பெயர் போன பிறகு உப்பு வெறும் எடைதான். தொடக்கத்தில் செலவு பிடிக்கும். பாக்கெட் போடுகிறவர்கள் கொள்முதலைக் குறைத்து மிரட்டுவார்கள். அதற்குத்தான் தனித்தனியே செய்யாமல் சேர்ந்து செய்ய வேண்டும் என்கிறேன். உப்பளத்தில் நிற்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் திருப்பூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள் என்று கூட்டத்தில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. அடுத்த செயற்குழுவில் இதை ஒரு பொருளாக வைக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். மறுப்பவர்கள் கணக்கோடு வந்து மறுத்தால் நல்லது.

போய் வர விரும்புகிறவர்களுக்கு: வேளாங்கண்ணியிலிருந்து எர்ணாகுளம் போகும் விரைவு வண்டி வாரம் இருமுறை நம் பக்கமாகத் திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, காரைக்குடி, தென்காசி, செங்கோட்டை வழியாகப் போகிறது. அது ஆலப்புழை போகாது, கோட்டயத்தில் இறங்க வேண்டும். கோட்டயம் கோடிமதைத் துறையிலிருந்து ஆலப்புழைக்கு அரசுப் படகு உண்டு. டிக்கெட் பஸ் கட்டணம் போல மலிவு. வயல்களுக்கு நடுவே ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் போகும். ஆகாயத்தாமரை அடைத்த நாட்களில் படகு ஓடாது, துறையில் கேட்டுக் கொண்டு போகவும். சுற்றுலாப் படகுக்கு முன்பதிவு செய்து கொள்வது நல்லது. ஆகஸ்ட்டில் படகுப் போட்டி வாரத்தில் அறை கிடைக்காது. கடை விசாரிக்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்க்கவும், பாதிக் கடைகள் மூடியிருக்கும்.